கவுன்சில் வாடகை வீடுகளின் பாதுகாப்பைக் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், வீட்டுத் துறையில் பாதுகாப்புக் கண்காணிப்பு என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்புதான். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே கேட்பது, "சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன?" என்பது. அங்கே தொடங்கினால் ஆறு மாதம் உழைத்த பிறகும் எந்த வீடு ஆபத்தில் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. ஆய்வு நடந்த வீடு கோப்பில் தெரியும். ஒருவருமே எட்டிப் பார்க்காத வீட்டுக்குக் கோப்பே இருக்காது.

அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இது இங்கிலாந்துக்கான வழிகாட்டி. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டங்கள் வேறு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாடகைக் கணக்குப் பட்டியல், சொத்துப் பதிவேடு, நீண்டகாலக் குத்தகைக்கு வீடு வாங்கியவர்களின் பராமரிப்புக் கட்டணப் பட்டியல் ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். இவற்றை மூன்று வெவ்வேறு பிரிவுகள் வைத்திருக்கும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஒப்பந்தக்காரர்கள் பதிவேற்றும் மூல அறிக்கைகளைத் திறந்து பார்க்கும் அனுமதி வேண்டும். அவர்கள் மாதாமாதம் அனுப்பும் சுருக்கத்தை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. பழுதுப் புகார்ப் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதியும் வேண்டும். அதற்கான காரணம் 8-ஆவது படியில் வருகிறது. சட்டப் பிரிவில் உங்கள் மின்னஞ்சலுக்கு அன்றே பதில் சொல்லும் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வீடுகளை எண்ணுங்கள்

மூன்று பட்டியல்களையும் முகவரியை வைத்து ஒப்பிடாதீர்கள். 'பிளாட் 4', '4-ஆம் எண் பிளாட்', '4ஏ' என்று ஒரே வீடு மூன்று பெயரில் இருக்கும். பிரிட்டனில் ஒவ்வொரு முகவரிக்கும் யு.பி.ஆர்.என். எனப்படும் தனி எண் உண்டு. அதை வைத்து ஒப்பிடுங்கள். எண் இல்லாத வரிகளை ஒதுக்கி, ஒவ்வொன்றையும் கையாலேயே சரிசெய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனாலும் இதை வேறொருவரிடம் தள்ளிவிடாதீர்கள்.

வழக்கமாக விடுபடுபவை: காவலாளி குடியிருக்கும் வீடு, கடைகளுக்கு மேலே இருக்கும் வீடுகள், வீடற்றவர்களுக்கான தற்காலிக விடுதிகள், விற்றுவிட்டுக் கவுன்சில் திரும்ப வாங்கிய வீடுகள், குடியிருப்போர் அமைப்புகள் நிர்வகிக்கும் அடுக்ககங்கள், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சமூகக் கூடம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய காவலாளி ஒருவர் ஓய்வு பெற்ற பிறகும் அதே தரைத்தள வீட்டில் குடியிருந்தார். அந்த வீட்டுக்கு வாடகை வசூலிக்கவில்லை. வாடகை இல்லாததால் வாடகைப் பட்டியலில் வீடு இல்லை. எரிவாயு ஆய்வுக்கான பட்டியலை வாடகைப் பட்டியலிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டின் பாய்லரை, அதாவது வெந்நீரும் வீட்டுக்குச் சூடும் தரும் எரிவாயுச் சாதனத்தை, யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்த நான்கு ஆண்டுகளும் எரிவாயு ஆய்வு 100 சதவீதம் என்றே அறிக்கை போயிருந்தது. பட்டியலில் இருந்த வீடுகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

2. ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன தேவை என்று எழுதுங்கள்

வீடுகளை எண்ணி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆறு கேள்விகள்: எரிவாயு, மின்சாரம், தீ, ஆஸ்பெஸ்டாஸ், தண்ணீர், லிஃப்ட். இவற்றோடு புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் சேரும். 2022 அக்டோபர் 1 முதல் கவுன்சில் வீடுகளிலும் குடியிருக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகைக் கருவி இருக்க வேண்டும். பாய்லர் போன்ற நிலையான எரிசாதனம் உள்ள, புழங்கும் அறை ஒவ்வொன்றிலும் கார்பன் மோனாக்சைடு கருவி இருக்க வேண்டும்.

பதில் மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்: ஆம், இல்லை, தெரியாது. கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டத்தைப் பின்னால் வருகிறவர் 'இல்லை' என்றே வாசிப்பார்.

'இல்லை' என்று எழுத ஆதாரம் வேண்டும். எரிவாயு இல்லை என்று பதிவான வீடுகளில் போய்ப் பார்த்தால் அடுப்புக்குப் பின்னால் குழாய் இருக்கும், மீட்டர் இருக்கும், குடியிருப்பவரே வாங்கிய அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஒருவர் நேரில் பார்த்த தேதியும் படமும் இல்லாத 'இல்லை' எல்லாம் 'தெரியாது' என்றே கணக்கில் வரட்டும்.

கட்டடத்தின் உயரத்தை இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்யுங்கள். 11 மீட்டரைத் தாண்டினால் தீத் தடுப்புக் கதவுகளுக்கான ஆய்வுக் கடமை வருகிறது. 18 மீட்டரை எட்டினாலோ, தரைத்தளத்தையும் சேர்த்து 7 தளங்கள் இருந்தாலோ 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி அது உயர் அபாயக் கட்டடம். அதைக் கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பில் பதிய வேண்டும்; பாதுகாப்பு விளக்க அறிக்கையும் தயாரிக்க வேண்டும். புதியவர்கள் கூரை வரை அளந்து விடுகிறார்கள். அளக்க வேண்டியது மேல்தளத்தின் தரை வரை. சரிவான நிலத்தில் கட்டியிருந்தால் தாழ்ந்த பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். முன்வாசலில் ஆறு தளமாகத் தெரியும் கட்டடம் பின்பக்கம் போனால் ஏழாக நிற்கும்.

3. காலக்கெடுவைச் சரியாகக் கணக்கிடுங்கள்

எரிவாயு ஆய்வு 12 மாதத்துக்கு ஒருமுறை. 'கேஸ் சேஃப்' என்ற எரிவாயுப் பொறியாளர் பதிவேட்டில் பதிவு பெற்ற பொறியாளர்தான் செய்ய வேண்டும். ஆய்வுப் பதிவின் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு அவர் உள்ளே வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். 2018-இல் வந்த திருத்தம் பெரிய உதவி: கடைசி இரண்டு மாதங்களுக்குள் ஆய்வை முடித்தால் பழைய காலக்கெடு தேதி மாறாது. அதனால் 10 மாதம் முடிந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். கதவு திறக்காத வீட்டுக்கு அந்த இரண்டு மாதமும் தேவைப்படும்.

மின் ஆய்வு 5 ஆண்டுக்கு ஒருமுறை. அறிக்கையில் அதைவிடக் குறைந்த காலம் எழுதியிருந்தால் அதுவே காலக்கெடு. தனியார் வாடகை வீடுகளுக்கு 2020-இல் வந்த இந்த விதியை 2025-இன் ஒழுங்குமுறை கவுன்சில் வீடுகள் போன்ற சமூக வாடகை வீடுகளுக்கும் விரித்திருக்கிறது. ஆள் ஏறும் லிஃப்டுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை முழுமையான ஆய்வு. மாதந்தோறும் நடக்கும் பராமரிப்பை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

11 மீட்டரைத் தாண்டிய அடுக்ககங்களில் பொது இடக் கதவுகளை 3 மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு வீட்டின் வாசல் கதவையும் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். 18 மீட்டரையோ 7 தளங்களையோ எட்டும் உயர்ந்த அடுக்ககங்களில் தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்தும் லிஃப்டுகளையும் முக்கியத் தீயணைப்புக் கருவிகளையும் மாதந்தோறும் சோதிக்க வேண்டும். 2023 ஜனவரி 23 முதல் இவை நடைமுறையில் இருக்கின்றன.

தீ அபாய மதிப்பீட்டுக்குச் சட்டத்தில் இத்தனை ஆண்டு என்று இல்லை. மதிப்பீட்டாளர் எழுதிய மறுஆய்வுத் தேதியையே பின்பற்றுங்கள். கட்டடத்தில் பெரிய வேலை நடந்தாலோ தீ விபத்து நேர்ந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

இந்தப் படியில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் எல்லா இடத்திலும் நடக்கிறது. கணினியில் வேலை முடிந்ததாகப் பதிவான தேதியிலிருந்து அடுத்த காலக்கெடுவைக் கணக்கிடுகிறார்கள். பொறியாளர் போய், கதவு பூட்டியிருந்ததால் திரும்பி வந்தாலும் அந்தப் பணி ஆணை மூடப்படும். மென்பொருள் அதை ஆய்வு என்று எடுத்துக்கொண்டு அடுத்த தேதியை ஓராண்டு தள்ளிவிடும். காலக்கெடு எப்போதும் ஆய்வு அறிக்கையில் உள்ள தேதியிலிருந்து மட்டும் பிறக்கட்டும்.

4. சான்றிதழைத் திறந்து வாசியுங்கள்

கோப்பில் ஒரு பி.டி.எஃப். இருப்பதும் வீடு பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றாகிவிடாது. ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கையாவது நீங்களே திறந்து வாசியுங்கள். முதல் மாதங்களில் நிறையவே வாசியுங்கள், கண் பழகும்.

எரிவாயுப் பதிவில் முதலில் முகவரி, பிறகு சாதனங்களின் எண்ணிக்கை. போன ஆண்டு பாய்லரும் கணப்பும் இருந்தன, இந்த ஆண்டு பாய்லர் மட்டும் என்றால், கணப்பு கழற்றப்பட்டதா அல்லது பார்க்காமல் விடப்பட்டதா என்று கேளுங்கள். 'உடனடி ஆபத்து', 'ஆபத்து வாய்ப்பு' என்ற இரண்டு குறிப்புகளில் ஏதாவது இருந்தால் சாதனத்தை நிறுத்திவிட்டுத்தான் பொறியாளர் வந்திருப்பார். அப்படியானால் அந்த வீட்டில் இப்போது சூடு இல்லை. ஜனவரியில் கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பத்துக்கு மாற்று ஹீட்டர் போனதா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மின் அறிக்கையில் சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது. சி2 என்றால் ஆபத்துக்கு இடமிருக்கிறது. எஃப்.ஐ. என்றால் மேலும் ஆராய வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை திருப்தியற்றது. 28 நாட்களுக்குள், அறிக்கை குறைந்த காலம் சொன்னால் அதற்குள், வேலை நடக்க வேண்டும். சி3 என்பது மேம்படுத்தலாம் என்ற பரிந்துரை மட்டுமே.

அதே அறிக்கையில் 'வரம்புகள்' என்றொரு கட்டம் இருக்கும். புதியவர்கள் அதை வாசிப்பதே இல்லை. "இரண்டு படுக்கையறைகளுக்குள் செல்ல முடியவில்லை" என்று அங்கே ஒரு வரி எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் 'திருப்தி' என்று முடித்திருப்பார்கள். பாதி வீட்டைப் பார்த்த அறிக்கை அது. திருப்பி அனுப்புங்கள்.

5. நிலுவை வேலைகளைக் கடைசி வரை துரத்துங்கள்

உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான் போக வேண்டும். ஆய்வு செய்வதால் மட்டும் ஒரு வீடும் பாதுகாப்பாகிவிடுவதில்லை. ஆய்வில் கண்ட குறையைச் சரிசெய்தால்தான் ஆகிறது. சமூக வீட்டு ஒழுங்குமுறை அமைப்பு ஆண்டுதோறும் கேட்கும் ஐந்து பாதுகாப்பு எண்களும், அதாவது எரிவாயு, தீ, ஆஸ்பெஸ்டாஸ், தண்ணீர், லிஃப்ட், ஆய்வு நடந்ததா என்பதைத்தான் அளக்கின்றன. அந்த எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தீ மதிப்பீடு 100 சதவீதம் என்று இருக்கும். அந்த மதிப்பீடுகள் கேட்ட நூற்றுக்கணக்கான வேலைகள் எங்கோ கிடக்கும்.

ஒரு குறைக்கு ஒரு வரி. "அடுக்ககத்தின் 64 வாசல் கதவுகளையும் மாற்றவும்" என்று மதிப்பீட்டில் ஒரே வரியாக வந்தாலும் உங்கள் பதிவேட்டில் அது 64 வரி. 61 கதவு மாற்றிய அன்று வேலை முடிந்ததாக யாரோ மூடிவிடுவார்கள். எஞ்சிய மூன்று வீடுகளை யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளர் ஒருவர், கெடு தேதி ஒன்று, முடித்ததற்கான ஆதாரம் ஒன்று. பொறுப்பாளர் என்ற இடத்தில் 'பராமரிப்புப் பிரிவு' என்று எழுதினால் அந்த வேலை யாருடையதும் இல்லை. ஒரு மனிதரின் பெயர் வேண்டும். பணி ஆணை பிறப்பித்தது முடித்ததற்கு ஆதாரம் ஆகாது. ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்ததும் ஆகாது. படமும் சரிபார்த்தவரின் கையொப்பமும்தான் ஆதாரம்.

கெடு தேதியை நீட்டிக்க நேர்ந்தால் பழைய தேதியை அழிக்காதீர்கள். பக்கத்தில் புதிய தேதியையும் நீட்டித்தவரின் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள். மூன்று முறை நீண்ட வேலை எது என்று ஒரு நாள் கேட்க வேண்டி வரும். அது வரை இடைக்கால ஏற்பாடு என்ன என்பதும் அதே வரியில் இருக்கட்டும்: கூடுதல் எச்சரிக்கைக் கருவியா, இரவுக் காவலா, பொது வழியை மூடியதா.

6. கதவைத் திறக்காத வீடுகள்

எரிவாயு ஆய்வுக்கு குறைந்தது மூன்று முறை முயன்றதற்கான பதிவு இருக்க வேண்டும். மூன்றும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியாக இருந்தால் அது ஒரே முயற்சிதான். மாலையில் ஒன்று, சனிக்கிழமை ஒன்று என்று மாற்றுங்கள். தேதி, நேரம், போனவர், வாசலில் விட்ட அட்டையின் படம் எல்லாம் சேரட்டும். நீதிமன்றத்தில் உள்நுழைவு ஆணை கேட்கும்போது இதைத்தான் காட்டப் போகிறீர்கள்.

ஆனால் நீதிமன்றத்துக்கு முன்னால், ஏன் திறக்கவில்லை என்று யாராவது கேட்டார்களா என்று பாருங்கள். கிழக்கு லண்டனில் ஒரு வீட்டுக்கு ஐந்து கடிதம் போயிருந்தது, ஐந்தும் ஆங்கிலத்தில். நான் போய் வாசலில் நின்று, "அம்மா, கவுன்சிலில் இருந்து வருகிறேன், பாய்லர் பார்க்க வேண்டும்" என்று தமிழில் சொன்னதும் உள்ளே சங்கிலி கழறும் சத்தம் கேட்டது. யாழ்ப்பாணத்து முதியவர், தனியாக இருந்தார். "தெரியாத ஆம்பிளையளுக்குக் கதவு திறக்க வேண்டாம் எண்டு மகன் சொன்னவர், தம்பி" என்றார். கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. அன்று மாலை ஆய்வு முடிந்துவிட்டது.

அதன் பிறகு என் பதிவேட்டில் இரண்டு பத்திகள் கூடின: வீட்டில் பேசும் மொழி, யாரை அழைத்தால் கதவு திறக்கும். காது கேளாமை, மனநலச் சிக்கல், பொருள்களைக் குவித்து வைத்திருக்கும் நிலை இவையும் தெரிந்தால் எழுதுங்கள். ஆள் அனுப்பும்போது இவை நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த மனிதரின் மரியாதையையும் காக்கும்.

வீடு வாங்கிக் குத்தகையில் இருப்பவரின் வாசல் கதவையும் விட்டுவிடாதீர்கள். கவுன்சில் அடுக்ககங்களில் அவர்கள் நிறையப் பேர். அழகுக்காகப் பழைய தீத் தடுப்புக் கதவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கதவு மாட்டியிருப்பார்கள். அந்தக் கதவு காக்க வேண்டிய படிக்கட்டு எல்லோருக்கும் பொது.

7. நேரில் போய்ப் பாருங்கள்

மாதம் ஒரு நாளாவது ஒரு கட்டடத்துக்குப் போங்கள். அங்கே 'முடிந்தது' என்று மூடப்பட்ட பத்து வேலைகளை எடுத்துச் செல்லுங்கள். ஒரு பவுண்டு நாணயமும் ஒரு வெப்பமானியும் போதும்.

வாசல் கதவை முழுக்கத் திறந்து விட்டுவிடுங்கள். பிறகு பாதி திறந்து விடுங்கள். பிறகு ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து விடுங்கள். மூன்று முறையும் கதவு தானாகவே போய், தாழ் 'டக்' என்று விழ வேண்டும். முழுக்கத் திறந்தால் வேகத்தில் மூடிக்கொள்ளும் பல கதவுகள், சிறிது திறந்த நிலையில் தாழின் மேல் சாய்ந்து நின்றுவிடும். அங்கே ஒரு விரல் இடைவெளி இருக்கும். புகைக்கு அது போதும். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககக் கோபுரத்தில் 72 பேரைப் பலிகொண்ட தீயில், சரியாகத் தடுக்காத வீட்டு வாசல் கதவுகள் வழியாகப் புகை பொது வழிகளுக்குள் பரவியதை விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது.

அடுத்து நாணயம். மூடிய கதவுக்கும் அதன் சட்டகத்துக்கும் நடுவே, மேற்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் வைத்துப் பாருங்கள். இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பவுண்டு நாணயத்தின் கனமும் கிட்டத்தட்ட அதுவே. நாணயம் தாராளமாக ஆடினால் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை முழு நீளத்துக்கும் இருக்கிறதா, பெயின்ட் பூசி மறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி உள்ள கட்டடத்தில் குளிர் நீர்க் குழாயை இரண்டு நிமிடம் ஓட விட்டு அளந்தால் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். வெந்நீர் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரியை எட்ட வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகுகிறது. நீண்ட நாள் காலியாகக் கிடந்த வீட்டில் குழாய்களைத் திறந்து ஓட விட்ட பிறகே ஆளைக் குடிவைக்க வேண்டும்.

8. புகார்ப் பதிவேட்டையும் சேர்த்து வாசியுங்கள்

பாதுகாப்புப் பிரிவு ஒரு மென்பொருள், பழுதுப் பிரிவு வேறொரு மென்பொருள் என்று இருப்பதால் ஒரே வீட்டின் இரண்டு பாதிகள் சந்திப்பதே இல்லை. "பிளக் சூடாகிறது" என்று இரண்டு முறை புகார் வந்த வீட்டில் மின் ஆய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது என்று உங்கள் பதிவேடு சொல்லும். தீப்பொறி, கருகிய வாசனை, தலைசுற்றல், மூடாத கதவு, கூரையில் நீர் ஆகிய சொற்களை வாரம் ஒருமுறை புகார்ப் பதிவேட்டில் தேடுங்கள்.

ஈரமும் பூஞ்சையும் இப்போது கடுமையான காலக்கெடுவுக்குள் வந்துவிட்டன. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் ஒரு சமூக வீட்டில் பூஞ்சையைச் சுவாசித்து 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து பாதுகாப்பாக்க வேண்டும். கணிசமான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு. ஆய்வு முடிந்த 3 வேலை நாட்களுக்குள் கண்டவற்றை எழுத்தில் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். அதே ஆய்வு முடிந்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது அவர் சொன்ன நேரத்திலிருந்து. தொலைபேசியை எடுத்தவர் மறுநாள் பதிவு செய்தாலும் கணக்கு மாறாது. அதனால் அழைப்பு வந்த நேரத்துக்கென்று தனிக் கட்டம் வையுங்கள்.

9. மாத அறிக்கையில் சதவீதத்தைத் தனியாக விடாதீர்கள்

12,000 வீடுகளில் 99.8 சதவீதம் என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். 24 வீடுகள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றும் கெடு தாண்டி எத்தனை நாள், ஏன், அடுத்து என்ன, எந்தத் தேதியில் என்றும் அதே பக்கத்தில் இருக்கட்டும். மொத்த எண்ணிக்கை போன மாதத்திலிருந்து மாறியிருந்தால் அதற்குக் காரணமும் வேண்டும். சதவீதம் ஏறுவதற்கு மிக எளிய வழி கீழே உள்ள எண்ணை, அதாவது கணக்கில் வரும் மொத்த வீடுகளைக் குறைப்பதுதான். 'தெரியாது' என்று இருக்கும் வீடுகளுக்குத் தனி வரி.

ஆய்வு சதவீதத்துக்குப் பக்கத்திலேயே கெடு தாண்டிய நிலுவை வேலைகளின் எண்ணிக்கை வரட்டும். இரண்டையும் வெவ்வேறு பக்கத்தில் வைத்தால் முதலாவதை மட்டும் வாசிப்பார்கள்.

பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டால், நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு மின் ஆய்வே நடக்கவில்லை என்பது போல ஒன்றைக் கண்டால், சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றே எழுத்தில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். கடுமையான குறைகளைச் சமூக வீட்டு ஒழுங்குமுறை அமைப்பிடம் கவுன்சில் தானே முன்வந்து தெரிவிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அந்த அமைப்பு 1,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் கவுன்சில்களை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரடியாகவும் ஆய்வு செய்கிறது.

அறிக்கை அனுப்பிய மறுநாள் காலை முதல் படிக்குத் திரும்புங்கள். அந்த மாதத்தில் கவுன்சில் வாங்கிய வீடுகள், கட்டி முடித்தவை, விற்றவை, இடித்தவை ஆகியவற்றைப் பட்டியலில் சேர்த்தும் நீக்கியும் எண்ணிக்கையை மறுபடி பொருத்துங்கள்.